அடுப்படி ஜங்ஷன்

ஜூன் 8

வணக்கம்.

இதற்கு மேல் என்ன எழுதிக் கூப்பிடுவது என்று தெரியாமல் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அத்தான் என்று எழுதக் கை வரவில்லை. வெறும் வணக்கமே இருக்கட்டும். போனில் கேட்டிருக்கலாம்தான். நீங்கள் எடுப்பதில்லை. எடுத்தாலும் என் வாய் சும்மா இருக்காது, அது உங்களுக்கே தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பக்கத்து வீட்டு நர்ஸம்மா நேற்று போன் செய்தார். "ஏம்ப்பா, உங்க அக்கா வீட்டுத் தோட்டத்துக் குட்டி ரயிலைப் பேத்துக் குடுக்கப் போறாராமே உங்க அத்தான்? யாரோ மாடல் ரயில் கிளப்காரர் வந்து டேப் வச்சு அளந்துட்டுப் போனாரு" என்றார். எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஆமா, பேசிக்கிட்டு இருக்கோம்" என்று சமாளித்தேன்.

அந்த ரயில் உங்கள் ஒருவருடையது என்று எப்போது ஆனது? தண்டவாளம் போட்டது நீங்கள், ஒத்துக்கொள்கிறேன். பல்செட் கட்டுகிற கையால் வீடு, பாலம், பெஞ்ச், ஆட்கள் எல்லாம் செய்தது நீங்கள். உடைந்த கடைவாய்ப் பற்களை மைல்கல்லாக நட்டு வைத்ததும் நீங்கள்தான், வேறு யாருக்கு அந்தப் புத்தி வரும்? ஆனால் சிக்னலும் வயரும் என்னுடையவை. விடுமுறைக்கு வந்த ஒவ்வொரு முறையும் முதுகு ஒடிய மண்ணில் படுத்துக் கிடந்து இழுத்தவன் நான். மணி என்னுடையது. பழைய லிஃப்டிலிருந்து கழற்றி வந்து மாட்டினேன். அடுப்படி ஜங்ஷன் அக்காவுடையது. சமையலறை ஜன்னலுக்குக் கீழே இருக்கிற அந்த ஸ்டேஷனில், சோப்புக் கையோடு மணி அடித்து எத்தனை வண்டியை உள்ளே வரவழைத்திருப்பாள்! ஆஸ்பத்திரியில் நாள் பூராவும் டெலிபோன் ஆபரேட்டர் வேலை பார்த்துவிட்டு வந்தும் அவளுக்கு மணி அடிக்க அலுக்கவில்லை.

அவள் போன மறுநாள் நடந்ததையும் நான் மறக்கவில்லை. வீடு நிறைய ஆட்கள். அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருக்கிறது. கொல்லையிலிருந்து ரயில் ஓடும் சத்தம் வருகிறது. எட்டிப் பார்த்தால் நீங்கள் குனிந்து நின்று வண்டி விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். "ஒரு சொட்டுக் கண்ணீர் வரல, ரயில் விளையாட்டு மட்டும் கேக்குதா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அன்றைக்கு அவ்வளவு அவசரமாக ஓட்டிய ரயிலை இப்போது எதற்காகப் பிடுங்கிக் கொடுக்கிறீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.

லிஃப்ட் மெக்கானிக்


ஜூன் 17

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

ரயிலைக் கொடுப்பதாகத்தான் இருக்கிறேன். கிளப்காரர் ஆகஸ்டில் வருகிறேன் என்றிருக்கிறார். பெரிய ஹாலில் வைத்து ஓட்டுவார்களாம்.

காரணம் உனக்கே தெரியும். ஒற்றை லைன், இரண்டு ஸ்டேஷன். தோட்டத்துக் கோடியில் தண்ணித்தொட்டி, வீட்டுப் பக்கம் அடுப்படி. அடுப்படி ஒரு மணி அடித்து வரச் சொல்லாமல் தண்ணித்தொட்டியிலிருந்து வண்டி கிளம்பக் கூடாது. வந்து சேர்ந்ததும் அடுப்படி இரண்டு மணி அடிக்க வேண்டும். நாம் மூன்று பேரும் உட்கார்ந்து போட்ட சட்டம். இப்போது அடுப்படியில் ஆள் இல்லை. எனக்கு நானே உத்தரவு கொடுத்து ஓட்டினால் அது பொம்மை ரயில். அதற்கு எனக்கு வயதாகிவிட்டது.

லைனும் நல்ல நிலையில் இல்லை. பாலத்தில் பாசி. சரக்குக் கொட்டகையில் எறும்பு குடியிருக்கிறது. வெயிலில் தண்டவாளம் நீண்டு, வளைவில் ஒரு இடம் பிதுங்கி நிற்கிறது. தினமும் காலையில் பார்க்கிறேன். பார்த்துவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன்.

நான் நன்றாக இருக்கிறேன். கேட்பவர்களிடமும் அதைத்தான் சொல்கிறேன், பொய் இல்லை. சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். லேபில் பல் கட்டுகிறேன், அளவு தப்பவில்லை. உள்ளே எதுவும் அசையவில்லை, அவ்வளவுதான்.

அன்று ரயில் விட்டதைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அவள் விழுவதற்குச் சற்று முன்பு ஒரு மணி அடித்தாள். வண்டியை விட்டேன். ஜன்னலைப் பார்த்தேன், தலை தெரியவில்லை. கரண்ட்டை அணைத்துவிட்டு ஓடி வந்தேன். வண்டி நடைபாதைக்கு அடியில் சுரங்கமாகப் போட்ட குழாய்க்குள் நின்றுபோனது. அப்புறம் ஆஸ்பத்திரி. லீவுக்கு வந்து கடைத்தெருவுக்குப் போயிருந்த நீ நேரே அங்கே வந்து சேர்ந்தாய். மறுநாள் அவளை எடுக்கப் போகிறார்கள் என்றபோதுதான் வண்டி வழியில் நிற்கிறதே என்று ஞாபகம் வந்தது. வழியில் வண்டி நிற்கும்போது ஸ்டேஷன் மாஸ்டர் டூட்டி முடித்துப் போக முடியாது. அதைக் கொண்டுவந்து அடுப்படியில் நிறுத்தினேன். அதன் பிறகு ஓட்டவில்லை.

நீ கத்தியதில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம் வேறு. முந்தின நாள் ஆஸ்பத்திரிக் கவுண்ட்டரில் அந்தப் பெண் என்னைக் காட்டி உன்னிடம் "இவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். "எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று சொன்னாய். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். உன் அக்கா உடம்புச் சூடு ஆறுவதற்குள் நான் உனக்கு ஒன்றும் இல்லாதவன் ஆகிவிட்டேன். சரி, அவள் வழியாக வந்த உறவு, அவளோடு போகிறது என்று நினைத்துக்கொண்டேன். மேலே மச்சானுக்கு என்று எழுதியது கைப்பழக்கம். பிடிக்கவில்லையென்றால் அடித்துவிடு.


ஜூன் 25

அத்தான்,

அத்தான், அத்தான், அத்தான். போதுமா?

உங்கள் கடிதத்தை மொட்டைமாடி மோட்டார் ரூமில் வைத்துப் படித்தேன். கவுண்ட்டர் விஷயம் வந்த இடத்தில் சிரித்துவிட்டேன். கூட இருந்தவன் பயந்துபோய் "என்னண்ணே ஆச்சு?" என்றான். அதன் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தப் பெண்ணின் மேஜையில் ஒரு பிளாஸ்க் இருந்தது, கவனித்தீர்களா? அதற்கு முன்னால் இரண்டு பேர் வந்து என்னிடம் "டீ வேணுமா, தண்ணி வேணுமா" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இவளும் அதையேதான் கேட்கிறாள் என்று நினைத்தேன். 'இவர்' என்றது என் காதில் விழவில்லை. 'உங்களுக்கு என்ன வேணும்' என்பதுதான் விழுந்தது. ஒண்ணும் வேணாம் என்றேன். டீயை வேண்டாம் என்றேன் அத்தான், உங்களை இல்லை! உறவைக் கேட்பதற்கும் டீயைக் கேட்பதற்கும் ஒரே வார்த்தையை வைத்திருக்கிற பாஷையில் பிறந்துவிட்டு நான் என்ன செய்வேன்? அன்றைக்கு யார் என்ன கேட்டாலும் எனக்குப் புரியவில்லை. தண்ணீருக்குள் தலையை வைத்துக்கொண்டு கேட்கிற மாதிரி இருந்தது.

நீங்களாவது அங்கேயே "என்னடா இப்படிச் சொல்றே" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? வாயைத் திறந்தால் முத்து கொட்டிவிடுமா? குழாய்க்குள் வண்டி நின்றதையும் சொல்லவில்லை. இத்தனை நாள் இரண்டையும் மனசுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, நான் எழுதிக் கேட்ட பிறகு அறிக்கை அனுப்புகிறீர்கள். கோபம் வருகிறது. கோபப்பட இப்போதைக்கு எனக்கு நீங்கள் ஒருத்தர்தான் இருக்கிறீர்கள்.

ரயிலைப் பற்றி யோசித்தேன். சட்டப்படிதான் ஓட்டுவேன் என்றால் சட்டப்படியே ஓட்டுங்கள். அடுப்படிக்கு இனிமேல் நான் பொறுப்பு. இங்கிருந்து பஸ் பிடித்தால் ஒரு பகல் ஆகும், வாரா வாரம் வர முடியாது. மிஸ்டு கால் கொடுக்க முடியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு உங்கள் போன் ஒரு தடவை அடிக்கும், நின்றுவிடும். அதுதான் மணி. வண்டியை விடுங்கள். வந்து சேர்ந்தது எனக்குத் தெரியாது, அதனால் நீங்களே ஜன்னல் பக்கம் நடந்து வந்து எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள்.

போனை மட்டும் எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் பேச வேண்டியிருக்கும். என்ன பேசுவது என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

உங்கள் மச்சான் (அடிக்கவில்லை)


ஜூலை 7

மச்சானுக்கு,

டீ என்று எனக்குத் தோன்றவில்லை. புரிந்தது. அந்தப் பெண் ஆஸ்பத்திரி ஃபாரத்தில் என்னைத் 'தெரிந்தவர்' என்று எழுதிவிட்டாள்.

வாரம் முழுக்க லைன் வேலை பார்த்தேன். மெழுகு சீவுகிற கத்தியால் பாசியைச் சுரண்டினேன். பல்லுக்குப் பாலிஷ் போடுகிற சக்கரத்தைக் கொண்டுவந்து தண்டவாளத்தைத் துடைத்தேன். பித்தளை தெரிகிறது. எறும்புகள் போகவில்லை, கொட்டகையை அவற்றுக்கே விட்டுவிட்டேன். ஜல்லி புதிதாகப் போட வேண்டியிருந்தது. மாவுச் சல்லடையில் சலித்தேன். சத்தம் போட ஆள் இல்லாததால் வேலை சீக்கிரம் முடிந்தது.

நேற்று நாலு மணிக்குப் போன் அடித்து நின்றது. வண்டியை விட்டேன். எஞ்சினும் மூன்று பெட்டியும். வளைவில் கடைசிப் பெட்டி இறங்கிவிட்டது. ஏற்றி வைத்து மறுபடி விட்டேன். குழாய்க்குள் போய் வெளியே வந்தது. அடுப்படியில் நிறுத்திவிட்டு உனக்கு மிஸ்டு கால் கொடுத்தேன்.

எப்படி இருந்தது என்று கேட்பாய். ஓடியது. வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

கிளப்காரர் ஆகஸ்ட் 20 என்று நாள் குறித்திருக்கிறார். மாற்றச் சொல்லவில்லை.


ஜூலை 15

அத்தான்,

'ஓடியது.' அடடா, என்ன வர்ணனை! இதை எழுதவா ஒரு இன்லேண்ட் லெட்டர்?

இங்கே நிலைமை என்ன தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை நாலு மணியானால் நான் போனைக் கையில் எடுப்பதும், ஒரு அடி அடித்துவிட்டு வைப்பதும், உடனே வாசலுக்கும் கூடத்துக்கும் நடப்பதும், திரும்ப ஒரு அடி வந்ததும் நிம்மதியாக உட்காருவதும். என் வீட்டுக்காரி மூன்று நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. "வாரா வாரம் யாருக்கு மிஸ்டு கால் குடுக்குறீங்க?" என்று நேற்று கேட்டேவிட்டாள். "எங்க அத்தானுக்கு" என்றேன். "பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்" என்றாள். உங்கள் கடிதங்களைக் காட்டினேன். படித்துவிட்டு "இவர்தான், வேற யாரும் இப்படி எழுத முடியாது" என்று சமாதானமாகிவிட்டாள்.

உள்ளே எதுவும் அசையவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அதேதான். நான் போகிற கட்டிடமெல்லாம் அதே மணிதான் அத்தான், நம் அடுப்படியில் மாட்டியிருக்கிற அதே மணி. மாடிக்கு மாடி டிங், டிங் என்கிறது. அக்கா ஞாபகத்தில் அழுகை வரும் என்று பார்த்தால் வரவில்லை. ஸ்பானரைக் கீழே வைக்கக்கூட இல்லை. பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்தவள். நான் என்ன மனுஷன் என்று எனக்கே தெரியவில்லை.

காலண்டரில் ஆகஸ்ட் தாளைப் புரட்டி 20ஐப் பார்த்துவிட்டு மூடுகிறேன். அது ஒன்றுதான் பொறுக்க முடியவில்லை.


ஆகஸ்ட் 4

மச்சானுக்கு,

நேற்று ஒரு தவறு நடந்தது. தெரிவிக்க வேண்டியது என் கடமை.

நாலு மணி ஆவதற்குக் கொஞ்சம் முன்பே போன் ஒரு தடவை அடித்து நின்றது. உன் மணி என்று நினைத்து வண்டியை விட்டுவிட்டேன். வண்டி பாலத்தில் இருக்கும்போது மறுபடி அடித்து நின்றது. அது நீ. முதலில் அடித்தது பல் டாக்டருடைய கம்பவுண்டர். யாருக்கோ மேல் செட் பொருந்தவில்லையாம். ஆக, உத்தரவு இல்லாமல் ஒரு வண்டி லைனுக்குள் போயிருக்கிறது. வேறு வண்டி எதிரே இல்லாததால் ஒன்றும் ஆகவில்லை. இனிமேல் நம்பரைப் பார்த்துவிட்டுத்தான் விடுவேன்.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கே ஒன்று தோன்றுகிறது. ஞாயிறு நாலு மணிக்கு ஓட்டுகிறேன். மற்ற நாளெல்லாம் அது தகரமும் பித்தளையும்தான். ஓட்டினால் ஏதாவது வரும் என்று நீ நினைத்தாய். நானும் நினைத்தேன் போலிருக்கிறது. ஒவ்வொரு வாரமும் வண்டி வந்து நின்ற பிறகு கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பார்க்கிறேன். வரவில்லை. வராத ஒன்றுக்காக உன் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த ஞாயிறு ஓட்டுவதுதான் கடைசி. அதன் பிறகு கழற்றி மூட்டை கட்ட ஆரம்பிக்க வேண்டும், கிளப்காரர் வந்தால் எடுத்துப்போகத் தோதாக இருக்கும்.

அடுப்படி ஸ்டேஷனையும் மணியையும் அவருக்குக் கொடுக்கவில்லை. உனக்குப் பார்சல் அனுப்புகிறேன். கூரை ஓடு பல் ஈறு நிறத்தில் இருக்கிறது என்று நீ கேலி செய்வாயே, அதே ஓடுதான். பத்திரமாக வைத்துக்கொள்.


ஆகஸ்ட் 11

அத்தான்,

நேற்று நடந்ததை எழுத வேண்டும். உங்களுக்குத் தெரியாத பாதி என்னிடம் இருக்கிறது.

மத்தியானம் ஒரு அபார்ட்மெண்டில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. உள்ளே ஐந்து பேர். ஒருத்தருக்கு மூச்சு முட்டுகிறது என்று கூச்சல். போனைப் பையோடு கீழே வைத்துவிட்டு ஷாஃப்டுக்குள் இறங்கினேன். நாலு மணி எப்போது வந்தது, எப்போது போனது, ஒன்றும் தெரியாது. எல்லாரையும் வெளியே எடுத்துவிட்டுக் கீழே வந்து போனை எடுத்தபோது பொழுது சாய்ந்து வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கடைசி ஓட்டம் என்று நீங்கள் எழுதியது அப்போதுதான் மண்டையில் அடித்தது. இவ்வளவு நேரம் நிற்கமாட்டார், உள்ளே போயிருப்பார் என்று நினைத்தேன். ஆனாலும் மாடிப்படியில் நின்றுகொண்டு ஒரு அடி அடித்தேன். நான் கட் பண்ணுவதற்குள் நீங்கள் எடுத்துவிட்டீர்கள்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? எவ்வளவு நேரமாடி நான் இங்கயே நிக்கிறது?"

அப்படித்தான் கத்தினீர்கள். உங்களுக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. பின்னால் மழைச் சத்தம் கேட்டது. நனைந்துகொண்டே நின்றிருக்கிறீர்கள். அக்காவை நீங்கள் டி போட்டுப் பேசி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அது எனக்கு வந்த வார்த்தை இல்லை, வேறு ஒருத்தருக்கு வந்த தபாலைப் பிரித்துவிட்டவன் மாதிரி நின்றேன்.

"அத்தான், நான்தான்" என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சொல்ல முடியவில்லை.

"இங்கதான் இருக்கேன். கை வேலையா இருந்துட்டேன். வண்டியை விடுங்க" என்றேன்.

நீங்கள் போனை வைக்கவில்லை. சுவிட்ச் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு ரயில். ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் உரசிக்கொண்டு போவதைக் கேட்டேன். நீங்கள் அதன் கூடவே நடந்திருக்கிறீர்கள், செருப்பு சேற்றில் இழுபட்டது. குழாய்க்குள் போனதும் சத்தம் அடங்கியது, வெளியே வந்ததும் திரும்பக் கேட்டது. நின்றது. ரொம்ப நேரம் மழை மட்டும். அப்புறம் போன் துண்டித்துக்கொண்டது.

நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், அத்தான். கிரீஸ் கையை முகத்தில் வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரெல்லாம் பார்க்க, ஓவென்று அழுதேன். நான் வெளியே எடுத்துவிட்ட அந்த ஐந்து பேரில் ஒருத்தர் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் குடித்தேன்.

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? தலையைத் துவட்டினீர்களா? எழுதுங்கள். 'நன்றாக இருக்கிறேன்' என்று மட்டும் எழுதாதீர்கள்.


ஆகஸ்ட் 21

மச்சானுக்கு,

நாலு நாள் காய்ச்சலில் படுத்திருந்தேன். அதனால் பதில் தாமதம். நர்ஸம்மா வந்து மாத்திரையும் திட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் என்ன கத்தினேன் என்பது உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது அப்படித்தான் கூப்பிடுவேன். மூன்றாவது ஆள் காதில் விழுந்தது இல்லை. விழுந்தது உன் காது என்பதால் எனக்கு வெட்கமாக இல்லை.

போனில் பேசியது யார் என்று எனக்குத் தெரியும். அப்போதே தெரியும். உன் குரல்தானே. ஆனாலும் வண்டியை விட்டேன்.

அன்றிலிருந்து வலிக்கிறது. இந்த இடம் என்று காட்டத் தெரியவில்லை. சமையலறைக்குள் போனால் கூடுதலாக இருக்கிறது. அவள் போய்விட்டாள், மச்சான். இனி வரமாட்டாள். இதை எழுதும்போது எழுத்து கோணலாகப் போகிறது, மன்னித்துக்கொள்.

நேற்று கிளப்காரர் சொன்னபடி வேனும் சாக்குமாக வந்து இறங்கினார். நான் மூட்டை எதுவும் கட்டியிருக்கவில்லை. ரயிலைக் கொடுப்பதற்கு இல்லை என்றேன்.

"என்ன சார், போன மாசம்கூட சரின்னு சொன்னீங்களே?" என்றார்.

"என் மச்சான் ஒத்துக்க மாட்டேங்கிறான்" என்றேன்.

"அவர்கிட்ட நான் பேசிப் பாக்கட்டுமா? எங்க இருக்கார்?"

"அடுப்படியில" என்றேன்.

அவர் போய் ஜன்னல் வழியாக ஆளில்லாத சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். என்னை ஒரு மாதிரியாகத் திரும்பிப் பார்த்தார். சாக்குகளை வேனில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.